கைதட்டலில் தலைவரானவரைச் சேர்க்கலாமா?

போன மாதம் அம்பத்தூரில் நடந்த உங்கள் பயிற்சி முகாமுக்கு என்னையும் அழைத்திருந்தீர்கள். பட்டாபிராமில் ரயிலேறி, கூட்டத்தில் நசுங்கி வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். அன்று உங்களுக்குள் ஒரு பட்டிமன்றம். நாடுகள் ஒன்றுசேர்ந்து பொருளாதாரக் கூட்டணி, அரசியல் கூட்டணி என்று அமைத்துக்கொள்கின்றன அல்லவா, அதில் இன்னும் முழுதாக ஜனநாயகம் வராத நாடுகளைச் சேர்க்கலாமா கூடாதா என்பது தலைப்பு. தொழிற்சங்க வேலைக்கு வந்த பிள்ளைகளுக்கு இது எதற்கு என்று முதலில் எனக்கு எரிச்சல்தான். கேட்கக் கேட்க எரிச்சல் போய்விட்டது. ஒரு தம்பி, "முதல்ல அவங்க வீட்டைச் சுத்தம் பண்ணிட்டு வரட்டும், அப்புறம் கதவைத் திறக்கலாம்" என்றான். எதிர்த்துப் பேசிய பெண், "வெளியவே நிறுத்தி வெச்சா யாருக்காக சுத்தம் பண்ணுவாங்க?" என்று மடக்கினாள். இரண்டு பேருக்கும் கைதட்டல் பிய்த்துக்கொண்டு போனது. கடைசியில் நடுவர், "அக்கா, நீங்க என்ன சொல்றீங்க?" என்று மைக்கை என் பக்கம் நீட்டிவிட்டார்.

எனக்கு அன்று தொண்டை கட்டியிருந்தது. எழுதித் தருகிறேன் என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன். அதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

நாடுகளைப் பற்றிப் பேச எனக்கு என்ன தகுதி? வேளாங்கண்ணியைத் தாண்டி நான் போனது அபூர்வம். தையல் கம்பெனியில் மெஷின் மிதித்துக்கொண்டிருந்த பிலோமினா நான், அம்பத்தூர் எஸ்டேட் சங்கங்களின் கூட்டமைப்பில் முழுநேர ஊழியராகி, ஓய்வு பெறும் வரைக்கும் அதிலேயே கிடந்தேன். ஆனால் யோசித்துப் பாருங்கள், நம் கூட்டமைப்பும் ஒரு கூட்டணிதானே? ஒவ்வொரு கம்பெனியிலும் ஒரு சங்கம். அதற்கென்று ஒரு கொடி, ஒரு தலைவர், ஒரு வீம்பு எல்லாம் உண்டு. தனித்தனியாக நின்றால் முதலாளிகள் ஊதித் தள்ளிவிடுவார்கள் என்பதால் சேர்ந்து நிற்கிறோம். சம்பளப் பேச்சுக்கு ஒன்றாகப் போகிறோம். ஒரு கம்பெனியில் கை வைத்தால் மற்ற கம்பெனி வாசல்களிலும் கூட்டம் கூடுகிறது. பெட்டி வைத்து, ரகசியமாக ஓட்டுப் போட்டு நிர்வாகிகளைத் தேர்ந்தெடுக்கும் சங்கங்களைத்தான் உள்ளே சேர்க்க வேண்டும் என்று விதியும் வைத்திருக்கிறோம். ஆக, உங்கள் பட்டிமன்றத் தலைப்பை நான் பட்டிமன்றமாக இல்லாமல் பிழைப்பாகவே பார்த்தவள்.

உங்கள் இரண்டு கட்சியும் சொன்னது சரிதான், இரண்டும் கெட்டுப்போனதையும் கண்ணால் பார்த்திருக்கிறேன். பூந்தமல்லி பக்கம் ஒரு பிளாஸ்டிக் கம்பெனி. அங்கே சங்கம் ஆரம்பித்த சூடு ஆறுவதற்குள் எங்களிடம் ஓடி வந்தார்கள். விதியைக் காட்டி, முதலில் தேர்தல் நடத்திவிட்டு வாருங்கள் என்று எங்கள் கமிட்டி திருப்பி அனுப்பியது. அவர்கள் தேர்தலுக்கு நாள் குறிப்பதற்குள் நிர்வாகம் ஆளுக்கொரு பக்கம் மாற்றல் போட்டுச் சங்கத்தையே கலைத்துவிட்டது. அந்தக் குறுகுறுப்பில் அடுத்து ஆவடிப் பக்கம் ஒரு பட்டறைச் சங்கம் வந்தபோது கண்ணை மூடிக்கொண்டு சேர்த்துக்கொண்டோம். அதன் தலைவர் எங்கள் கொடியை வாசலில் கட்டிக்கொண்டு, "கூட்டமைப்பே என் பக்கம், நீ யாரு கேக்க?" என்று சொந்த ஆட்களின் வாயை அடைத்தார். அவர்கள் எங்களிடம் வந்து புலம்பிப் பார்த்துவிட்டு, ஒவ்வொருவராகச் சங்கத்தை விட்டு விலகினார்கள். அந்த இரண்டு சங்கங்களும் இப்போது இல்லை.

அதற்குப் பிறகு வந்ததுதான் தாமோதரனின் சங்கம். நான் சொல்ல வந்ததே அதைத்தான்.

லாரிகளுக்கு ரப்பர் பாகங்கள் செய்யும் கம்பெனி அது, எஸ்டேட்டிலேயே பழையது. தாமோதரனுக்கு வெள்ளானூர். பரம்பரையாக விவசாயக் குடும்பம். நிலத்தில் பாதி மனையாகிப் போக, இவர் கம்பெனி வேலைக்கு வந்துவிட்டார். வாட்டசாட்டமான ஆள். உள்ளே பேசினால் மெயின் ரோட்டில் போகிறவன் திரும்பிப் பார்ப்பான். சும்மா சொல்லக் கூடாது, அந்தக் கம்பெனிக்கு பஸ் வந்தது அவரால். கேன்டீனில் மனிதன் வாயில் வைக்கிற மாதிரி சாப்பாடு வந்தது அவரால். பெண்களுக்குத் தனிக் கழிப்பறை கட்ட வைத்ததும் அவர்தான். அண்ணாத்தே என்றால் அங்கே அவர் ஒருவர்தான்.

ஆனால் அந்தச் சங்கத்தில் தேர்தல் என்று ஒன்று நடந்ததே இல்லை. வருஷா வருஷம் மகாசபை கூடும். தலைவர் தேர்வு என்று அறிவித்ததும் தாமோதரன் எழுந்து வெளியே போய்விடுவார். தான் இருந்தால் மற்றவர்கள் மனம்விட்டுப் பேச மாட்டார்களாம், அந்தப் பெருந்தன்மை! எதிரே இருக்கும் டீக்கடையில் போய் நின்று ஒரு டீ சொல்வார். உள்ளே ஒருவர் அவர் பேரை முன்மொழிவார், எல்லோரும் கைதட்டுவார்கள், அந்தச் சத்தம் டீக்கடைக்குக் கேட்கும். அவர் டீயைக் குடித்து முடிப்பதற்குள் இரண்டு பேர் சால்வையோடு போய்க் கூட்டி வருவார்கள். "எனக்கு எதுக்குப்பா மறுபடியும்" என்று சொல்லிக்கொண்டே வந்து அதே நாற்காலியில் உட்காருவார். ஊரெல்லாம் தெரிந்த வேடிக்கை இது.

ஒரு வருஷம் இந்த வேடிக்கைக்கு நடுவில், பேக்கிங் பிரிவில் வேலை பார்த்த கஸ்தூரி என்ற பெண் எழுந்து நின்றாள். எல்லோரும் கைதட்டிக்கொண்டிருக்கும்போது, "இந்த தபா பெட்டி வெச்சித்தான் பாக்கலாமே" என்று கேட்டுவிட்டாள். அவ்வளவுதான் கேட்டது. தாமோதரனைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லை. டீக்கடையிலிருந்து வந்தவரின் காதில் விஷயம் விழுந்ததும் அவர் முகம் சுண்டிப் போய்விட்டது. சங்கத்தைப் பிளக்கப் பார்த்தாள் என்று சொல்லி, கமிட்டி அவளைச் சங்கத்தை விட்டே நீக்கிவிட்டது.

அந்த நேரம் பார்த்து கம்பெனி பாதி மெஷின்களை ஸ்ரீபெரும்புதூருக்கும் அப்பால் ஒரு புது இடத்துக்குக் கொண்டுபோகப் போவதாகப் பேச்சு கிளம்பியது. யாரை அனுப்புவார்கள், போக முடியாதவர்களுக்கு என்ன கதி, ஒன்றும் தெரியாது. தனியாக நின்று இதைச் சமாளிக்க முடியாது என்று தாமோதரனுக்கே புரிந்துவிட்டது. கூட்டமைப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டு வந்தார். விசாரித்துவிட்டு வந்து பொதுக்குழுவில் கருத்துச் சொல்லும் வேலையை என் தலையில் கட்டினார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து வீட்டுக்கு வருகிறேன், வாசலில் கஸ்தூரி நிற்கிறாள். அயனம்பாக்கத்திலிருந்து பஸ் மாறி மாறி வந்திருக்கிறாள். அதற்கு முன் நான் அவளை நேரில் பார்த்ததில்லை. ஒல்லியான பெண், பேசும்போது கண்ணைத் தாழ்த்தவே மாட்டாள். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தேன்.

"புது எடத்துக்கு மொதல்ல அனுப்பப் போறது என்னதான்கா. சூப்பர்வைசரே சொல்லிட்டாரு. ஊட்டுக்காரரு ஷேர் ஆட்டோ ஓட்டறாரு, விடிகாலைல போனா எப்ப வருவாருன்னே தெரியாது. அம்மாந்தூரம் நான் போயிட்டு வந்தா பொண்ணுங்க ரெண்டையும் யாரு பாக்கறது? போவலன்னா வேல போச்சி. சங்கத்துல இருந்தா யாராச்சும் போயி கேப்பாங்க. எனக்குன்னு கேக்க யாருக்கா கீறாங்க?"

அவள் எதற்கு வந்திருக்கிறாள் என்று எனக்குப் புரிந்துவிட்டதாக நினைத்தேன்.

"அந்தச் சங்கத்தைச் சேக்காதீங்கன்னு சொல்ல வந்தியா?" என்று கேட்டேன்.

"ஐய, இன்னாக்கா நீ!" என்று தலையில் கை வைத்துக்கொண்டாள். "சேத்துக்கோன்னு சொல்லத்தான் வந்தேன். வெளிய நிக்க வெச்சா அண்ணாத்தே மட்டும்தான் நிப்பாருன்னு நெனச்சிகினியா? அத்தினி பேரும் நிக்கணும். உள்ள இருந்தா நாளைக்கு நீ வந்து ஏன்னு கேக்கலாம். வெளிய இருந்தா நீ யாருன்னு அவரு கேப்பாரு."

"உன்னைத் தொரத்தினவராச்சே?"

"அதான் சொல்றேன். சேத்துக்கோ, ஆனா என்ன உட்டுட்டு சேத்துக்காத. தொரத்துனது தொரத்துனதா இருக்க, அவருக்கு மட்டும் நீங்க சால்வ போட்டீங்கன்னு வெய்யி, அப்பால அங்க எவளும் வாயத் தொறக்க மாட்டா."

காபி கூடக் குடிக்காமல் போய்விட்டாள், பிள்ளைகள் தனியாக இருக்கிறார்களாம்.

மறுநாள் வெள்ளானூருக்குப் போய் தாமோதரனைப் பார்த்தேன். நாற்காலி போட்டு, பன்னீர் சோடா வாங்கி வந்து கொடுத்து, அப்படி ஒரு உபசாரம். பேச்சை எடுத்தேன். அவர் மழுப்பவில்லை.

"இன்னாமா பிலோமினா, பெட்டி பெட்டின்றீங்க. பெட்டி வெச்சா கம்பெனி துட்டு உள்ள பூந்துடும். ஒருத்தனுக்கு பிரியாணி, ஒருத்தனுக்கு குவாட்டரு. அவுங்க ஆளு ஒருத்தன் தலைவரா வந்து குந்திக்குவான். அப்பால பஸ்ஸும் கெடையாது, கேன்டீனும் கெடையாது. எங்க ஜனம் அதுக்கெல்லாம் இன்னும் ரெடியாவல."

"ஜனம் ரெடியாகலியா, நீங்க ரெடியாகலியா அண்ணே?"

அவர் கடகடவென்று சிரித்தார். ஆனால் கஸ்தூரி பேரை எடுத்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. "அது எங்க ஊட்டு விசயம். கூட்டமைப்புக்கு அதுல இன்னா கீது?" என்றார். இந்தப் பதிலைப் பிற்பாடு நான் செய்தித்தாளில் எத்தனையோ நாடுகளின் வாயில் படித்திருக்கிறேன். எங்கள் உள்நாட்டு விவகாரம் என்று கோட்டுப் போட்டுக்கொண்டு சொல்வார்கள். தாமோதரன் பனியனோடு உட்கார்ந்து சொன்னார், அதுதான் வித்தியாசம்.

அவர் சொன்ன பயம் பொய்யில்லை, இதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். கம்பெனிக் காசு உள்ளே வந்து தேர்தலையே விலைக்கு வாங்கியதை நான் வேறு இடங்களில் பார்த்திருக்கிறேன். அதனால் ரயிலில் திரும்பி வரும்போது மண்டை குழம்பிப் போயிற்று. கெட்டவனாக இருந்தால் வேண்டாம் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போகலாம். இவர் நல்லதும் செய்திருக்கிறார், பயத்துக்குக் காரணமும் இருக்கிறது, அதே மனிதர்தான் ஒரு பெண்ணை நடுத்தெருவில் நிறுத்தியும் இருக்கிறார். பட்டாபிராமில் இறங்கும்போது ஒன்று மட்டும் தெளிவாக இருந்தது. பெட்டி கொஞ்ச நாள் பொறுக்கும், கஸ்தூரியால் பொறுக்க முடியாது.

பொதுக்குழு அம்பத்தூர் ஓ.டி. பஸ் நிலையத்துப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் கூடியது. முதலில் புதிய சங்கங்களைச் சேர்ப்பது, கடைசியில் கூட்டமைப்பின் தலைவர் தேர்வு, பிறகு சாப்பாடு. எங்கள் தலைவரின் பேரை இங்கே எழுத மாட்டேன். தன் பேரை எழுதுவது அவருக்குப் பிடிக்காது, இப்போது அவர் இல்லை என்பதற்காக அதை மீறவும் எனக்கு மனசில்லை. வார்ப்படப் பட்டறையில் வேலை பார்த்த மெலிந்த மனிதர். கூட்டத்தில் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. அவர் பேச ஆரம்பித்தால் மற்றவர்கள்தான் மின்விசிறியை நிறுத்துவார்கள்.

சேர்க்கலாம் என்று பாதிப் பேர், கூடாது என்று பாதிப் பேர், கூடத்தில் அமளி. உங்கள் பட்டிமன்றம் மாதிரியேதான், வார்த்தை மட்டும் கொஞ்சம் காரம். தாமோதரன் முன்வரிசையில் விருந்தாளியாகக் கை கட்டி உட்கார்ந்திருந்தார். என் முறை வந்தது. இவர்களைச் சேர்க்க வேண்டும், அடுத்த மகாசபையில் அவர்கள் பெட்டி வைக்கட்டும், ஆனால் பெட்டி வைக்கச் சொன்ன பெண்ணை இன்றைக்கே திரும்பச் சேர்த்துக்கொள்ள வேண்டும், அது நடந்தால்தான் சேர்க்கை என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

தாமோதரன் எழுந்தார். மைக் எல்லாம் அவருக்கு எதற்கு?

"கரீட்டு. நீங்க சொல்றது எல்லாம் கரீட்டு. எனக்கு ஒரே ஒரு டவுட்டு. இதோ மேடைல குந்திகினு கீறாரே உங்க தலைவரு, பெரிய மனுசன், நான் மரியாத கொறவா சொல்லல. இவர எப்ப பெட்டி வெச்சி எடுத்தீங்க?"

பதில் எங்கள் எல்லோருக்கும் தெரியும். விதியில் பெட்டி என்றுதான் இருக்கிறது. ஆனால் தலைவர் தேர்வு வரும்போது சாப்பாட்டுப் பொட்டலம் வந்து இறங்கிவிடும். ரயிலைப் பிடிக்க வேண்டியவர்கள் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். யாரோ ஒருவர் "ஒருமனதாக" என்பார், எல்லோரும் கைதட்டுவோம், தலைவர் தரையைப் பார்த்துக்கொண்டு கும்பிடுவார், முடிந்தது. அவரைத் தவிர வேறு யாரையும் அந்த நாற்காலியில் யாரும் நினைத்துக்கூடப் பார்த்ததில்லை. ஊரில் உள்ள சங்கத்துக்கெல்லாம் பெட்டி வைத்தாயா என்று கேட்டுத் திரிந்த எங்களுக்கு மூக்கு உடைந்துபோனது.

பின்னால் இரண்டு பேர், "யோவ், வெளிய போய்யா" என்று கத்தினார்கள். இந்த ஆளுக்கு இருக்கிற திமிருக்குச் சேர்க்கையும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று கூட்டம் திரும்பிவிட்டது. கஸ்தூரியின் வேலை கைநழுவிப் போவதை நான் உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். தலைவர் மெதுவாகக் கையை உயர்த்தினார்.

"அவர் கேட்டதுல என்ன தப்பு?" என்றார். "பெட்டி கொண்டாங்க."

"தலைவரே, பொட்டலம் ஆறிடும்" என்றார் ஒருவர்.

"ஆறட்டும்யா. எதுக்க யார் நிக்கறீங்க?"

எல்லோரும் மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார்கள். தலைவர் கூடத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து நின்றார். "பிலோமினா, நீ நில்லும்மா."

"ஐயோ, நானா? நான் எப்படி உங்களை எதுத்து..."

"ஏன்? கமிட்டியில என்னை மடக்காத நாள் உண்டா? அதை இன்னிக்குக் கொஞ்சம் பெரிசா செய்." கூடம் சிரித்தது.

மண்டபத்தில் ஏதோ கல்யாணத்துக்கு வந்த மிக்ஸியின் அட்டைப்பெட்டி கிடந்தது. அதில் மேலே கீறல் போட்டார்கள். நல்வரவு என்று எழுதிய துணியை மூலையில் கட்டி, அதற்குப் பின்னால் ஒவ்வொருவராகப் போய் எழுதிப் போட்டுவிட்டு வந்தார்கள். துணிக்குப் பின்னாலிருந்து வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நடந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, நம் ஆட்களுக்கு அந்த வெட்கம் புதிது. எல்லோரும் போட்டு முடித்ததும் தலைவர், "எண்ணறதுக்கு தாமோதரன் வரட்டும். இங்க யாருக்கும் வேண்டியவரும் இல்ல, வேண்டாதவரும் இல்ல" என்று சொல்லி அவரை மேடைக்கு அழைத்தார். அந்த மனிதரின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! சேர்த்துக்கொள்வார்களா மாட்டார்களா என்று வந்த ஆள், எங்கள் ஓட்டை எண்ணிக்கொண்டு நிற்கிறார்.

தலைவர்தான் ஜெயித்தார். ஆனால் என் பேர் எழுதிய சீட்டுகளை அந்தப் பெரிய குரலில் தாமோதரன் வாசிக்க வாசிக்க, கூடத்தில் இருந்தவர்கள் விரல் விட்டு எண்ண ஆரம்பித்துவிட்டார்கள். இன்னும் சில பேர் மனம் மாறியிருந்தால் தலைவர் கவிழ்ந்திருப்பார். எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வதென்று எனக்குத் தெரியவில்லை. தலைவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். பிறகு தாமோதரன் பக்கம் திரும்பினார்.

"வலிக்குது தாமோதரன். பொய் சொல்ல மாட்டேன். இத்தனை பேருக்கு நான் வேணாம்னு எனக்கு இன்னிக்குத்தான் தெரியும். இத்தனை வருஷம் கை தட்டினாங்க, எப்படித் தெரியும்? ஆனா பாருங்க, உயிரோடதான் இருக்கேன். இவளும் உயிரோடதான் இருக்கா. இவளை நான் நீக்கப் போறதில்ல. சாப்பிட்டுட்டு ரெண்டு பேரும் ஒரே ஆட்டோவுலதான் ஸ்டேஷனுக்குப் போகப் போறோம்."

தாமோதரன் கை கழுவும் இடத்துக்குப் போய்க் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு நின்றார். சாப்பிடாத மனிதருக்கு என்ன கை கழுவல் என்று யாரும் கேட்கவில்லை. திரும்பி வந்து, "அந்தப் பொண்ண மறுபடி சேத்துக்கறோம். எங்க பக்கத்துலந்து கூட்டமைப்புக்கு வர்ற ஆளுங்கள்ல அதுவும் ஒண்ணா இருக்கட்டும்" என்றார். சேர்க்கைக்கும் அதே மிக்ஸி பெட்டியில் ஓட்டுப் போட்டோம். அந்தச் சங்கம் உள்ளே வந்தது. பொட்டலம் விறைத்துப் போயிருந்தது. அத்தனை பேரும் ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார்கள்.

அந்த நாளை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும். தலைவருக்கு நன்றி சொல்லியிருக்கிறேன், அவர் காது கேட்கவே சொல்லியிருக்கிறேன். தாமோதரனுக்கும் சொல்ல வேண்டும். இன்னும் ஜனநாயகம் ஆகாதவர் என்று நாங்கள் நிறுத்தி வைத்து விசாரித்த அவர் அன்று வாயைத் திறக்காமல் இருந்திருந்தால், நாங்கள் இன்றைக்கும் பொட்டலத்தைப் பார்த்துக் கைதட்டிக்கொண்டிருப்போம். நாடுகளைச் சேர்க்கிற பெரியவர்களுக்கும் இது பொருந்துமா என்று எனக்குத் தெரியாது. பொருந்தும் என்றுதான் என் மனசு சொல்கிறது. வருகிற நாட்டில் எத்தனை தேர்தல் நடந்தது என்று பார்ப்பதற்கு முன்னால், தேர்தல் வேண்டும் என்று கேட்டவர் இப்போது எங்கே இருக்கிறார், வீட்டிலா சிறையிலா என்று விசாரிக்கட்டும். விசாரிக்கிற கையோடு தங்கள் சொந்த வீட்டையும் ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கொள்ளட்டும். நீங்களும் நாளைக்கு ஒரு சங்கத்தைச் சேர்க்கப் போகும்போது அப்படியே செய்யுங்கள்.

இதோடு கதை முடிந்ததென்று நான் அன்று நினைத்தேன். முடியவில்லை.

அடுத்த மகாசபையில் தாமோதரன் சொன்னபடி பெட்டி வைத்தார். அவரை எதிர்த்துக் கஸ்தூரியே நின்றாள். மேற்பார்வைக்கு நான் போயிருந்தேன். நேர்மையாக நடந்த தேர்தல், ஒரு குறை சொல்ல முடியாது. கஸ்தூரி தோற்றுப்போனாள். ஜனங்களுக்கு பஸ்ஸும் கேன்டீனும் மறக்கவில்லை. சைக்கிள் நிறுத்துமிடத்துக்குப் பின்னால் நின்று அவள் என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள்.

"போச்சிக்கா. எதுத்து வேற நின்னுட்டேன். இனிமே எனக்கோசரம் அவரு ஏன் பேசப் போறாரு?"

"அப்படியெல்லாம் இல்லடி" என்று முதுகைத் தட்டிக் கொடுத்தேனே தவிர, எனக்கும் உள்ளுக்குள் அதே பயம்தான். கைதட்டலில் ஜெயித்தபோதே அவளைத் துரத்தியவர். இப்போது நிஜமாகவே ஜெயித்திருக்கிறார், கேட்பதற்கு யார் இருக்கிறார்கள்? பெட்டி வைக்கச் சொல்லி அவளை நாமே மாட்டிவிட்டோமோ என்று வீடு வரைக்கும் மனசு அடித்துக்கொண்டது.

கொஞ்ச நாளில் ஒரு காலை நேரம் கஸ்தூரி போன் செய்தாள். "அக்கா, ஆர்டர் குடுத்துட்டாங்கக்கா. நாளைலந்து புது எடமாம்." அடுப்பை அணைத்துவிட்டு ஓடினேன். ரயிலில் வரும்போதெல்லாம், கேட்டுக்கு வெளியே அவள் தன்னந்தனியாக நிற்பதுதான் கண்ணுக்குள் நின்றது. பட்டரவாக்கத்தில் இறங்கி ஆட்டோ பிடித்துக் கம்பெனி வாசலுக்குப் போய்ச் சேர்ந்தேன்.

வாசலில் உட்கார இடமில்லை. ஷிப்டு ஆட்கள் அத்தனை பேரும் வேலையை நிறுத்திவிட்டுத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்துக் கம்பெனிச் சங்கங்கள் கொடியோடு வந்துகொண்டிருந்தன, தாமோதரனே எல்லோருக்கும் போன் போட்டு வரச் சொல்லியிருக்கிறார். நடுவில் அவர், பக்கத்தில் கஸ்தூரி. அந்த உத்தரவு அன்று சாயங்காலமே வாபஸ் ஆனது. பிறகு கூட்டமைப்பே உட்கார்ந்து பேசி, மெஷின் போனாலும் விருப்பமில்லாத யாரையும் அனுப்புவதில்லை என்று எழுதி வாங்கியது. கஸ்தூரி இன்றைக்கும் அங்கேதான் வேலை பார்க்கிறாள். அதெல்லாம் பிறகு நடந்தது. அந்த வெயிலில் போய் நின்றபோது எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை, குனிந்து தாமோதரனிடம் கேட்டேவிட்டேன்.

"என்ன அண்ணே, உங்களை எதுத்து நின்னவதானே?"

"அதாம்மா விசயமே" என்றார். "ஜெயிச்சேன் ஜெயிச்சேன்னு ஊரெல்லாம் சொல்லிகினு திரியறேன். இந்தப் பொண்ண தூக்கி அந்தாண்ட போட்டுட்டா, நான் யார ஜெயிச்சேன்னு சொல்றது?"

எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. கஸ்தூரி அழுத முகத்தோடு நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"அடுத்த தபா நான்தான் ஜெயிப்பேன் அண்ணே, பாத்துகினே இரு."

"ஜெயி, யாரு வேணான்னது? இப்ப கொஞ்சம் நவுந்து குந்து, வெயிலு உன் மூஞ்சிலயே அடிக்குது."